மைனர் கணக்கில் கை வைக்காதீர்கள்

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்தோர் சந்திப்பில் நான் பேசியதை, அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செய்தி மடல் குழுவினர் கேட்டார்கள். பேசியதை அப்படியே, திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் நீக்கித் தந்திருக்கிறேன்.)



இந்தக் கூட்டத்தில் வருமான வரி பற்றி நான் பேச வேண்டும் என்றுதான் செயலாளர் முதலில் கேட்டார். வேறு தலைப்பு சொன்னேன். கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். "சார், அது அவங்கவங்க வீட்டு விஷயமாச்சே" என்றார். வீட்டு விஷயம்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் நம் மெயின் கேட்டில், செக்யூரிட்டி மேசைக்கு முன்னால் நடக்கிற விஷயமும்கூட.

கணவன் மனைவி பிரிந்துவிட்டார்கள். குழந்தை ஒருவரிடம் இருக்கிறது. மற்றவர் வாரம் ஒரு நாள் வந்து அழைத்துப் போகலாம் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் ஒருவர் ஒத்துழைக்கவில்லை. நேரத்துக்கு வருவதில்லை. அல்லது வந்தால் குழந்தையை அனுப்புவதில்லை. பணம் தருவதில்லை. போனை எடுப்பதில்லை. அப்போது நாம் என்ன செய்வது? இதுதான் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு.

நம் வளாகத்தில் இப்படி எத்தனை வீடு என்று நான் எண்ணப் போவதில்லை. நீங்களும் எண்ண வேண்டாம். என் வீடு அதில் ஒன்று. என் மகளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 34 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் பற்றி நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் செய்த தவறைப் பற்றிச் சொல்வதை மட்டும் யாரிடமும் சரிபார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை

ஐந்து வருடத்துக்கு முன்பு. பேரன் அப்போது இரண்டாம் வகுப்பு. மகளும் பேரனும் எங்களோடு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இடைக்கால உத்தரவு இருந்தது. சனிக்கிழமைதோறும் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை பையன் அப்பாவோடு இருக்கலாம். கேட்டில் வந்து அழைத்துப் போய், கேட்டில் கொண்டுவந்து விட வேண்டும். பையனின் செலவுக்கு மாதம் 12,000 ரூபாய், 5-ஆம் தேதிக்குள் மகள் கணக்கில் கட்ட வேண்டும்.

அவர் தாம்பரம் பக்கம் குடியிருந்தார். பத்து மணி என்றால் பத்தே முக்காலுக்கு வருவார். சில வாரம் வரவே மாட்டார், சொல்லவும் மாட்டார். பணம் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. மகள் வாட்ஸ்அப்பில் கேட்டால் நீல டிக் விழும், பதில் வராது.

அந்தச் சனிக்கிழமை மகளுக்கு அரை நாள் ஆபீஸ். அவள் கிளம்பிப் போய்விட்டாள். பையன் ஒன்பது மணிக்கே குளித்து, நீல டி-ஷர்ட் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தான். பையில் செஸ் போர்டு. பத்து ஐம்பதுக்கு இன்டர்காம் அடித்தது. நான்தான் எடுத்தேன். "சார், தம்பியோட அப்பா வந்திருக்கார்" என்றார் செக்யூரிட்டி.

எனக்கு மூன்று மாதக் கோபம். பணம் கட்டாத மனுஷனுக்குப் பிள்ளையை மட்டும் காட்ட வேண்டுமா என்று மனதில் ஓடியது. "வீட்டில யாரும் இல்ல, பூட்டியிருக்குன்னு சொல்லிடுங்க" என்றேன். அவர் ஒரு நொடி தயங்கிவிட்டு, "சரிங்க சார்" என்றார். விசிட்டர் ரிஜிஸ்டரில் அப்படியே எழுதினார்: "வீடு பூட்டி இருக்கிறது."

பையன் பால்கனிக்குப் போனான். எங்கள் வீடு இரண்டாவது மாடி. கேட் நன்றாகத் தெரியும். அப்பாவின் பைக் திரும்பிப் போவதைப் பார்த்தான். அழவில்லை. உள்ளே வந்து ஷூவைக் கழற்றி ஷூ ஸ்டாண்டில் வைத்தான். "தாத்தா, நாம வீட்லதானே இருக்கோம்?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் அந்த ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோவை அவர் தரப்பில் தாக்கல் செய்தார்கள். கூடவே, அன்று காலை 10.50-க்கு எங்கள் பால்கனியில் பையன் நிற்கிற போட்டோ. கீழே இருந்து போனில் எடுத்தது. பதில் சொல்ல வேண்டியவள் என் மகள். அவளுக்கு அந்த நாள் நடந்ததே முழுதாகத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. நீதிபதி அவளைத்தான் எச்சரித்தார். மூன்று மாதம் பணம் வராத விஷயத்தை அன்று எங்கள் வக்கீலால் எடுக்கவே முடியவில்லை.

34 வருடத்தில் நான் ஒரு பொய்யான பதிவு போட்டதில்லை. அன்று இன்னொருவர் கையால் போட வைத்தேன். மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவர் கையால்.

இரண்டு தனிக் கணக்கு

அதன் பிறகு எங்களை நீதிமன்ற ஆலோசகரிடம் அனுப்பினார்கள். குடும்ப நீதிமன்றங்கள் 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தவை. வழக்கை நடத்துவதோடு, சமரசத்துக்கு முயல்வதும் அங்கே நீதிபதியின் கடமை. அதற்காகவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "நீங்க நிறுத்தினது யாரோட சனிக்கிழமையை, சார்?"

அவருக்குத் தெரியாமலே என் தொழிலில் கை வைத்துவிட்டார். வங்கியில் 'செட்-ஆஃப்' என்று ஒன்று உண்டு. ஒருவர் கடனைக் கட்டவில்லை என்றால், அவர் பெயரில் அதே வங்கியில் இருக்கிற டெபாசிட்டை எடுத்து அந்தக் கடனில் நேர் செய்துகொள்ளலாம். ஆனால் அப்பா வாங்கிய கடனுக்காக, அவர் கார்டியனாக இருந்து நடத்துகிற மகனின் மைனர் கணக்கில் கை வைக்க முடியாது. அந்தப் பணம் குழந்தையுடையது. கையெழுத்து அப்பாவுடையது என்பதால் பணம் அப்பாவுடையது ஆகிவிடாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதை நானே பல முறை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் செய்தது அதைத்தான். அப்பா தர வேண்டிய பாக்கிக்குப் பையனுடைய சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. என் மகளுக்கும் இல்லை.

இது இரு பக்கத்துக்கும் பொருந்தும். "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் பணம் கட்டவில்லை" என்று சொல்கிற அப்பாவும் அதே தவறைத்தான் செய்கிறார். ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய பணம் மனைவிக்குத் தருகிற பணம் இல்லை. பணம் ஒரு கணக்கு, சந்திப்பு இன்னொரு கணக்கு. ஒன்றில் பாக்கி விழுந்தால் அதை வசூலிக்கத் தனி வழி உண்டு. இன்று நான் சொல்ல வந்ததில் இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

சட்டம் சொல்வது

சட்டத்தில் இதற்கு அடிப்படை உண்டு. 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டமும் உண்டு. இரண்டிலும் நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலன். ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்று 1956 சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்ததும் தானாக அப்பாவிடம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. அப்போதும் நலன்தான் கேள்வி. யோசித்துச் சொல்லக்கூடிய வயதுக் குழந்தை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

வங்கிக்காரன் என்பதால் ஒரு வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் கடன் பத்திரம் வாங்க, தானே கார்டியனாக விண்ணப்பித்தார். அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்பா உயிரோடு இருந்தாலும், குழந்தையின் காரியங்களைக் கவனிக்காதவராக இருந்தால் அம்மாவே இயற்கைக் கார்டியனாகச் செயல்படலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. அதற்கு முன் எங்கள் கவுன்டரில் எத்தனை அம்மாக்களை "சாரை வரச் சொல்லுங்கம்மா" என்று திருப்பி அனுப்பியிருப்போம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கு. நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுச் சாமான்களும் அல்ல என்பது அதன் சாரம். குழந்தையைப் பற்றிய உத்தரவை, சூழ்நிலை மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதில் உறுதியானது. ஆகவே இன்று கையில் இருக்கும் உத்தரவு பிடிக்கவில்லை என்றால், அதை மீற வேண்டாம். மாற்றக் கேளுங்கள்.

உத்தரவில் என்ன இருக்க வேண்டும்

சண்டையில் பாதி, உத்தரவு சரியாக எழுதப்படாததால் வருகிறது. "நியாயமான நேரங்களில் குழந்தையைப் பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால், நியாயம் எது என்று வாரா வாரம் கேட்டில் நின்று பேச வேண்டும். மனு போடும்போதே வக்கீலிடம் இவற்றை எழுதிக் கொடுங்கள்.

எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. எங்கே ஒப்படைப்பது. யார் கொண்டுவந்து விடுவது; தாத்தா பாட்டி வரலாமா. எவ்வளவு நேரம் காத்திருப்பது, வராவிட்டால் அந்த நாள் என்ன ஆகும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பதிலாக எந்த நாள். தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையில் எத்தனை நாள். பிறந்த நாள். ஊருக்கு அழைத்துப் போனால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் யார் கையில். ரேங்க் கார்டும் பெற்றோர் கூட்டத் தகவலும் இருவருக்கும் போக வேண்டும்.

போன், வீடியோ கால் இதையும் சேருங்கள். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பது தவிர தினமும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையோடு பேசும் உரிமையும் மற்ற பெற்றோருக்கு வேண்டும் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறது. மகனோ மகளோ வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு இது முக்கியம்.

நேருக்கு நேர் பேச முடியாத அளவுக்குப் போய்விட்டது என்றால் சமரச மையம் இருக்கிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் அது நடக்கிறது. வக்கீல் செலவுக்கு வழி இல்லையே என்று எந்தப் பெண்ணும் உட்கார்ந்துவிட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

ஒரு நோட்டு போடுங்கள்

அந்த எச்சரிக்கைக்குப் பிறகு நான் மகளுக்கு ஒரு நீண்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஐந்து பத்தி போட்டோம். தேதி. உத்தரவுப்படி நேரம். நடந்த நேரம். யார் ஒப்படைத்தது. குறிப்பு. குறிப்பு என்றால் "10.40-க்கு வந்தார்", "வரவில்லை, தகவல் இல்லை" என்ற அளவுக்குத்தான். "வழக்கம் போல அலட்சியம்" என்றெல்லாம் எழுதக் கூடாது. அன்றன்றைக்கு எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவது பதிவேடு ஆகாது.

பணத்துக்குத் தனிப் பக்கம். எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, பாக்கி எவ்வளவு. ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் ரசீது எல்லாம் ஒரு ஃபைலில். ரொக்கமாக ஒரு பைசா வாங்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். கணக்கிலேயே போடட்டும்.

செய்தி அனுப்புவது ஒரே வழியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் என்றால் வாட்ஸ்அப், மெயில் என்றால் மெயில். நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். முன்பெல்லாம் என் மகள், "இன்னிக்கும் லேட்டா? பையன் மேல அக்கறை இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?" என்று அனுப்புவாள். அதற்குப் பதில் வராது, வந்தால் சண்டை வரும். பிறகு இப்படி மாற்றினோம்: "இன்று 10 மணிக்கு வர வேண்டும். 10.40 வரை தகவல் இல்லை. 12 மணிக்குள் வந்தால் அனுப்புகிறேன். வர முடியாவிட்டால் தெரிவிக்கவும்." இதற்கும் பல நாள் பதில் வரவில்லை. ஆனால் இதைப் படிக்கிற மூன்றாம் மனிதருக்கு யார் என்ன செய்தார்கள் என்று புரியும். செய்திகளை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை சாட்சியமாகக் கொடுக்க ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குழந்தையிடம் "அப்பா வீட்ல என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டு போனில் பதிவு செய்யாதீர்கள். ஏழு வயதுக் குழந்தையை சாட்சி ஆக்குவது பாவம். நீதிபதிக்கு அது உடனே தெரிந்தும்விடும்.

ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைத் தாக்கல் செய்தோம். 26 சனிக்கிழமை. நேரத்துக்கு வந்தது 9. தாமதம் 11. வராதது 5. நாங்கள் அனுப்பாதது 1. அந்த ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று மகள் யோசித்தாள். எழுதச் சொன்னேன். நம்முடைய தவறும் இருக்கிற பதிவேட்டைத்தான் மற்றவர் நம்புவார்கள்.

நோட்டைப் பார்த்த நீதிபதி அவரிடம், பதினொரு நாளும் ஏன் தாமதம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட், எட்டு மணிக்குத்தான் முடிகிறது, தாம்பரம் போய்க் குளித்துவிட்டு வர நேரமாகிவிடுகிறது என்றார். ஒரு வருடமாக இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அலட்சியம் என்று முடிவே கட்டிவிட்டோம். நேரம் 11.30 முதல் 6.30 வரை என்று மாறியது. நான் கெடுத்த சனிக்கிழமைக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொடுத்தார்கள். அன்று எங்கள் வக்கீல் பணப் பாக்கியையும் எடுத்தார். இந்த முறை எதிர்க் கேள்வி வரவில்லை.

மீறினால் என்ன செய்வது

உத்தரவை மற்றவர் மீறினால் படிப்படியாகப் போங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு வக்கீல் மூலம் கடிதம். பிறகு உத்தரவு போட்ட அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு, அல்லது உத்தரவை மாற்றக் கேட்டு மனு. வேண்டுமென்றே திரும்பத் திரும்ப மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. எடுத்த எடுப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். அங்கே குழந்தையும் கூட வந்து பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

குழந்தையை ஒருவர் வேண்டுமென்றே மற்றவருக்கு எதிராகத் திருப்புவதையும் நீதிமன்றங்கள் இப்போது கவனிக்கின்றன. 2017-இல் விவேக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறது.

பணப் பாக்கிக்கு வழி தனி. சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய உத்தரவு கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு ஆகியிருக்கிறது. அதில் ஜீவனாம்ச உத்தரவு வாங்கியவர்கள் ஒரு கெடுவைக் கவனிக்க வேண்டும். பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூலுக்கு மனு போட்டுவிட வேண்டும். "பாவம், தருவார்" என்று இரண்டு வருடம் காத்திருந்தால் அந்த வழியில் பழைய பாக்கியை வசூலிப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் பாக்கி மூன்று தவணையாக வந்து சேர்ந்தது. சம்பளப் பிடித்தம் வந்த பிறகு மாதாமாதம் வருகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடி, உதை, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது, குழந்தையிடம் தவறாக நடப்பது என்ற சந்தேகம் இருந்தால் நான் சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே வக்கீலிடம் போங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்றால் மாஜிஸ்திரேட் அதை மறுக்கலாம். மூன்றாம் நபர் முன்னிலையில் மட்டும் சந்திப்பு என்றும் கேட்கலாம். அவசரம் என்றால் குழந்தைகளுக்கான 1098 எண் இருக்கிறது. ஆனால் நிஜமான பயத்துக்கும், நமக்கு வந்த கோபத்துக்கும் வித்தியாசம் நமக்கே தெரியும். கோபத்துக்குப் பயம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தாத்தா பாட்டிகளுக்கு

இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் என் வயது. நமக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிரிந்த வீடுகளில் எரிகிற அடுப்பில் விறகு வைப்பது பல நேரம் நாம்தான். பிள்ளைகள் பத்து நாளில் ஆறிப்போகிற விஷயத்தை நாம் பத்து வருடம் சூடாக வைத்திருப்போம். வழக்கில் நம் பெயர் இருக்காது. பதில் சொல்ல வேண்டியதும் நாம் இல்லை. அதனால்தான் நமக்கு அவ்வளவு தைரியம் வருகிறது.

மாப்பிள்ளை என்று கூப்பிட்டுப் பழகியவரைப் பிரிந்த பிறகு எப்படிச் சொல்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான் "அவன்" என்றேன். என் மனைவி "அந்த ஆள்" என்றாள். பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாப்பிடுவான். ஆலோசகர் அம்மா சொன்ன பிறகு, பேரனிடம் பேசும்போது "உங்க அப்பா" என்று மட்டும் சொல்வது என்று முடிவு செய்தோம். முதல் வாரம் நாக்கு வரவில்லை. இப்போது பழகிவிட்டது. பையன் அப்பா வீட்டிலிருந்து வந்ததும் "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அவனாகச் சொன்னால் கேட்போம்.

நம் சங்கத்துக்கு

கடைசியாக, இங்கே குடியிருக்கிற நம் எல்லோருக்கும் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, செக்யூரிட்டி ஊழியர்களை இந்தச் சண்டையில் இழுக்காதீர்கள். "இல்லைன்னு சொல்லு", "உள்ளே விடாதே" என்று வாயால் சொல்லாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலை அலுவலகத்தில் கொடுங்கள். அதில் உள்ளபடி அவர்கள் நடக்கட்டும். ரிஜிஸ்டரில் வந்த நேரம், போன நேரம் மட்டும் எழுதட்டும். அன்று என் பேச்சைக் கேட்டு எழுதிய அந்த ஊழியர், நீதிமன்றத்தில் கூப்பிடுவார்களோ என்று ஒரு மாதம் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு, ஒப்படைப்பு நேரத்தில் கேட் பக்கம் வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். விசிட்டர் பெஞ்சைக் கொஞ்சம் உள்ளே, மரத்தடிக்குத் தள்ளிப் போட்டால், காத்திருக்கிற அப்பாவோ அம்மாவோ தெருவில் நிற்க வேண்டியதில்லை. நிர்வாகக் குழு இதைப் பரிசீலிக்கலாம்.

மூன்று, குழந்தைகளிடம் "உங்க அப்பா ஏன் இங்க இல்ல?" என்று லிஃப்ட்டில் கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஜாடையாகக்கூட எழுதாதீர்கள்.

பேரன் இப்போது ஏழாம் வகுப்பு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவன் அப்பா இன்னமும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவதில்லை. இப்போது முந்தின நாளே செய்தி அனுப்பிவிடுகிறார். என் மகளும் "சரி" என்று ஒரு வார்த்தையில் பதில் போடுகிறாள். நோட்டு தொடர்கிறது. மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த நாளுக்கு அடுத்த வாரத்திலிருந்து பேரன் முன்கூட்டி ஷூ போடுவதில்லை. டி-ஷர்ட் போட்டு, தலை வாரி, பையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். இன்டர்காம் அடித்து, "தம்பியோட அப்பா வந்துட்டார்" என்று கேட்ட பிறகுதான் எழுந்து ஷூ ஸ்டாண்டுக்குப் போவான். ஐந்து வருடமாக அப்படித்தான். நான் போட்ட ஒரு பொய்ப் பதிவு அது. அதைத் திருத்தி எழுத என்னால் முடியவில்லை.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பதிவு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்காவது உத்தரவில் சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலோ, நோட்டில் பத்தி போடும் முறையோ வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். சனிக்கிழமை என்றால் ஆறரை மணிக்கு மேல் வாருங்கள். ஆறரைக்குப் பையனை அழைத்துவர நான் கேட்டுக்குப் போயிருப்பேன்.